குடல்வாலும் மூன்று ஊசிகளும்

ஒரு பத்திரிகைக்காரருக்கு வயிறு வலித்தது. அதைத் தொடர்ந்து மேற்கு உலகமே ஊசி குத்திக்கொள்ள ஆரம்பித்துவிட்டது.

கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். கிட்டத்தட்ட இப்படித்தான் நடந்தது. பத்திரிகைக்காரரின் பெயர் ஜேம்ஸ் ரெஸ்டன். நியூயார்க் டைம்ஸின் பெரிய தலை. வலி வந்த இடம் பெய்ஜிங். வருடம் 1971.

அக்குபங்சர் பற்றி யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் இந்த வசனம் வந்து விழும்: ‘சீனாவுல மயக்க மருந்தே கொடுக்காம, வெறும் ஊசி குத்தியே ஆபரேஷன் பண்ணிடறாங்க சார். ஒரு அமெரிக்கப் பத்திரிகைக்காரருக்கே பண்ணியிருக்காங்க. அவரே பேப்பர்ல எழுதியிருக்காரு!’

அந்த ‘அவரே’ நம்ம ரெஸ்டன்தான். பேப்பரில் எழுதியதும் நிஜம்தான். ஆனால், என்ன எழுதினார்? இத்தனை வருடங்களில் அதைப் பற்றிப் பேசியவர்களில் பாதிப் பேராவது அதைப் படித்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். எனவே இந்த வாரம் புதுப் படமும் வேண்டாம், புதுப் புத்தகமும் வேண்டாம். அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு செய்திக் கட்டுரையை உட்கார்ந்து படிப்போம். உங்கள் வீட்டு மருந்து டப்பாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

1971 ஜூலையில் ரெஸ்டன் மனைவியோடு சீனா போகிறார். அப்போது அவருக்கு 61 வயது. அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் இருபது வருடங்களுக்கும் மேலாகத் தூதரக உறவே கிடையாது. அந்த நேரம் பார்த்து ஹென்றி கிஸ்ஸிங்கர் பரம ரகசியமாக பெய்ஜிங் வந்து சூ என்லாயைச் சந்தித்துவிட்டுப் போகிறார். சீன அதிகாரிகள் ரெஸ்டனைத் தெற்கே குவாங்சோவிலேயே இரண்டு மூன்று நாள் சுற்றிக் காட்டி உட்கார வைத்துவிடுகிறார்கள். நூற்றாண்டின் பெரிய செய்தி மூக்குக்கு முன்னால் நடக்கிறது. அன்னாருக்குத் தெரியாது!

பெய்ஜிங் வந்த பிறகுதான் விஷயத்தைச் சொல்கிறார்கள். நிக்சன் சீனாவுக்கு வரப்போகிறார், கிஸ்ஸிங்கர் வந்துவிட்டே போய்விட்டார். அதைக் கேட்ட கணத்தில்தான் அடிவயிற்றில் முதல் குத்தல் வந்தது என்று எழுதுகிறார் ரெஸ்டன். ராத்திரி ஜுரத்தில், கிஸ்ஸிங்கர் கூண்டு வைத்த ரிக்‌ஷாவில் உட்கார்ந்தபடி தன்னைப் பார்த்து இளித்துக்கொண்டே உத்தரத்தில் மிதந்து போவதுபோலத் தோன்றியதாம். செய்தியைக் கோட்டைவிட்ட ஒரு நிருபரின் வயிற்றெரிச்சலை இதைவிட அழகாக யாரும் எழுதிவிட முடியாது.

குடல்வால் அழற்சி. உடனே ஆஸ்பத்திரி. அதன் அப்போதைய பெயர், ஏகாதிபத்திய எதிர்ப்பு மருத்துவமனை. கட்டியது யார் பணத்தில்? அமெரிக்க ராக்பெல்லர் அறக்கட்டளையின் பணத்தில். சூ என்லாயே தலையிட்டு, பெரிய நிபுணர்களை வரவழைத்துப் பார்க்கச் சொல்கிறார். வூ வெய்ரான் என்ற சர்ஜன் ஆபரேஷன் செய்து குடல்வாலை எடுக்கிறார்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் ரெஸ்டனுக்குக் கொடுத்தது அக்குபங்சர் அல்ல. லிடோகெய்ன், பென்சோகெய்ன் என்கிற சாதாரண மரப்பு மருந்து. ஊசி மூலம் உடம்புக்குள் ஏற்றினார்கள். சென்னையில் செய்திருந்தாலும் அந்த மாதிரி ஒன்றைத்தான் போட்டிருப்பார்கள். ரெஸ்டன் இதை ஒளிக்கவில்லை. மருந்தின் பெயரோடு பளிச்சென்று எழுதியிருக்கிறார்.

பிறகு அக்குபங்சர் எங்கே வந்தது? ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் இரவு. வயிறு உப்பிக்கொண்டு ஒரே அவஸ்தை. லி சாங்யுவான் என்ற அக்குபங்சர் மருத்துவர் வருகிறார். மருத்துவக் கல்லூரிக்குப் போகாதவர். அதே ஆஸ்பத்திரியில் ஒரு மூத்தவரிடம் சீடராக இருந்து தொழில் கற்றவர். வலது முழங்கையில் ஓர் ஊசி, முழங்கால்களுக்குக் கீழே மற்ற இரண்டு. அவற்றைத் திருகிக்கொண்டே, ‘ஐ’ என்ற மூலிகையைக் கொளுத்தி வயிற்றுக்குப் பக்கத்தில் காட்டுகிறார். பார்க்க மட்டமான சுருட்டுத் துண்டு மாதிரி இருந்ததாம். மொத்தம் 20 நிமிடம்.

ஊசி வலித்தது, அந்த வலியில் வயிற்று உபாதையாவது மறந்தது என்கிறார் ரெஸ்டன். வாயுவைக் கலைப்பதற்கு இது கொஞ்சம் சுற்றி வளைத்த வழியாக இருக்கிறதே என்று அப்போது நினைத்ததையும் மறைக்கவில்லை. ஆனால், ஒரு மணி நேரத்தில் உப்பல் குறைந்துவிட்டது. திரும்ப வரவில்லை.

அவ்வளவுதான். முழுக் கதையும் இவ்வளவுதான்.

ஜூலை 26-ம் தேதி நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் கட்டுரை வந்தது. அப்பல்லோ 15 நிலவுக்குக் கிளம்பிய அதே நாள். மறு வருடம் பிப்ரவரியில் நிக்சன் சீனா போனார். கூடவே பத்திரிகையாளர் படை. அப்புறம் அமெரிக்க டாக்டர்கள். அக்குபங்சர் காய்ச்சல் பற்றிக்கொண்டது. ரெஸ்டன் எழுதிய வாயுத் தொல்லை, வாய் மாறி வாய் மாறி, மயக்க மருந்தில்லா ஆபரேஷனாகப் பதவி உயர்வு பெற்றுவிட்டது.

கட்டுரையாக மட்டும் பார்த்தால், முதல் தரமான கட்டுரை. பார்த்ததைப் பார்த்த அளவுக்கு எழுதியிருக்கிறார். ஒரு நல்ல செய்திக்காக எதையும் செய்வேன், ஆனால் நடுராத்திரியில் வயிற்றைக் கிழித்துக்கொள்வதும் முள்ளம்பன்றியாக மாறுவதும் அதில் சேராது என்று கிண்டலும் அடிக்கிறார்.

குறை ஒன்றே ஒன்று. அவர் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி. அந்த ஊசி போடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்ட யாரையாவது கேளுங்கள். குடல் கொஞ்ச நேரம் வேலைநிறுத்தம் செய்யும். வயிறு உப்பும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானாகவே வழிக்கு வரும். ரெஸ்டனுக்கு ஊசி போட்டது இரண்டாம் நாள் இரவு. வாயுவைக் கலைத்தது ஊசியா, காலண்டரா? ஒரே ஒரு வயிற்றை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்லவே முடியாது. அது அவர் தப்பல்ல. ஒரு நிருபரின் வயிற்றை மருத்துவ ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்ட நம் தப்பு.

சரி, அது 1971. இப்போதெல்லாம் உஷாராகிவிட்டோம் என்று சொல்வீர்கள். 2006-ல் பிபிசி ஓர் ஆவணப்படம் காட்டியது. ஷாங்காயில் ஓர் இளம்பெண்ணுக்கு இதய ஆபரேஷன். நெஞ்சைத் திறந்து வைத்திருக்கிறார்கள். உடம்பில் அக்குபங்சர் ஊசிகள். பெண் விழித்திருக்கிறார். பார்த்தவர்கள் மிரண்டுபோனார்கள். பிறகு அறிவியல் எழுத்தாளர் சைமன் சிங் விசாரித்து எழுதினார். அந்தப் பெண்ணுக்கு மிடசோலம், டிரோபெரிடால், ஃபெண்டனில் என்று மூன்று வலுவான மருந்துகள் கொடுத்திருந்தார்கள். போதாக்குறைக்கு நெஞ்சில் நிறைய மரப்பு ஊசி. இவ்வளவும் கொடுத்தால் அக்குபங்சர் ஊசிக்கு அங்கே என்ன வேலை? அலங்காரத்துக்குத்தான்.

35 வருடம் கழித்தும் அதே தப்பு. ஏன்? பார்க்க நன்றாக இருக்கிறது. நம்பவும் ஆசையாக இருக்கிறது.

அடுத்த வசனம், ‘ஐயாயிரம் வருஷத்துப் பாரம்பரியம் சார்!’

பாரம்பரியம்தான், மறுக்கவில்லை. ஆனால், அந்தப் பாரம்பரியத்துக்குச் சொந்தக்காரர்கள் அதை எப்படி நடத்தினார்கள் என்று பார்க்க வேண்டாமா? 1822-ல் சீனச் சக்கரவர்த்தி டாவ்குவாங், அரண்மனை மருத்துவ நிலையத்தில் அக்குபங்சருக்கே தடை போட்டார். 1929-ல் கோமிண்டாங் ஆட்சியில், சீன வைத்தியத்தை மொத்தமாக ஒழித்துக்கட்டலாம் என்று ஒரு திட்டம் வந்தது. நாட்டு வைத்தியர்கள் திரண்டு போராடி அதை நிறுத்தினார்கள்.

சீனாவின் மிகப் பெரிய நவீன எழுத்தாளர் லூ ஷுன் இருக்கிறாரே, அவர் தந்தைக்குச் சிறு வயதில் வைத்தியம் பார்த்த கதையை 1926-ல் ஒரு கட்டுரையாக எழுதினார். வைத்தியர் கேட்ட துணை மருந்துகளில் ஒன்று, ஒரு ஜோடி சில்வண்டு. சும்மா ஏதோ இரண்டு இல்லை. ஆதியிலிருந்தே ஒன்றுக்கொன்று ஜோடியாக வாழ்ந்தவையாக இருக்கவேண்டும். பூச்சிக்கும் கற்பு! வயிறு முரசு மாதிரி வீங்குகிற நோய் என்பதால், கிழிந்த பழைய முரசுத் தோலில் செய்த மாத்திரை வேறு. வீட்டிலிருந்ததை அடகு வைத்து அடகு வைத்து வைத்தியம் பார்த்தும் தந்தை பிழைக்கவில்லை. லூ ஷுன் 1904-ல் ஜப்பானின் செண்டாய் நகரத்துக்கு மேல்நாட்டு மருத்துவம் படிக்கப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிறகு எப்படி அக்குபங்சர் மீண்டும் எழுந்து நின்றது? மாவோ. 1949-ல் ஆட்சிக்கு வந்தபோது கோடிக்கணக்கான ஜனங்கள், கைவிரல் விட்டு எண்ணுகிற மாதிரி நவீன டாக்டர்கள். இருக்கிற நாட்டு வைத்தியர்களை விட்டால் கதி இல்லை. 1956-ல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டூ ஆகிய நான்கு நகரங்களில் சீன மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள். ஊருக்கு ஊர் ஒரு மாதிரி இருந்த வைத்தியத்தை ஒரே பாடத்திட்டத்துக்குள் அடக்கினார்கள். 1960களின் கடைசியில் கிராமத்துக்குக் கிராமம் ‘வெறுங்கால் மருத்துவர்கள்’ வந்தார்கள். அவர்கள் பையில் அக்குபங்சர் ஊசியும் இருந்தது, மாத்திரையும் தடுப்பூசியும் இருந்தது.

இந்தியாவுக்கு வந்த வழியும் அந்த நட்புதான். 1938-ல் போர்க்காலச் சீனாவுக்கு உதவ இங்கிருந்து போன டாக்டர்களில் கோட்னிஸ் பெயர் எல்லோருக்கும் தெரியும். அதே குழுவில் இருந்த டாக்டர் பி.கே. பாசு 1950களின் கடைசியில் மறுபடியும் சீனா போய் அக்குபங்சர் கற்று, கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார்.

இதில் மாவோவின் சொந்த விஷயம் சுவாரஸ்யம். அவருடைய தனி மருத்துவராக இருந்த லி ஷிசுய் 1994-ல் ஒரு புத்தகம் எழுதினார். சீன வைத்தியத்தை வளர்க்கவேண்டும், ஆனால் எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது, நான் அதைச் சாப்பிடுவதும் கிடையாது என்று மாவோ தன்னிடம் சொன்னதாக அதில் எழுதியிருக்கிறார். ஊருக்கு உபதேசம்!

ஆகவே எல்லாம் பித்தலாட்டம் என்று சொல்லி முடித்துவிடலாமா? ம்ஹூம். இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. ஏனென்றால், அக்குபங்சர் போட்டுக்கொண்டவர்களில் நிறையப் பேருக்கு வலி உண்மையிலேயே குறைகிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை.

ஜெர்மனியில் இதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். முடிவு 2007-ல் வெளியானது. நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 1,162 பேர். மூன்று கோஷ்டியாகப் பிரித்தார்கள். முதல் கோஷ்டிக்கு சாஸ்திரப்படி அக்குபங்சர். இரண்டாவது கோஷ்டிக்குப் போலி அக்குபங்சர். அதாவது, சாஸ்திரத்தில் இல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்துவது. மூன்றாவது கோஷ்டிக்கு வழக்கமான மருந்து, பிசியோதெரபி, உடற்பயிற்சி.

ஆறு மாதம் கழித்து எண்ணிப் பார்த்தார்கள். அசல் அக்குபங்சரில் 47.6 சதவிகிதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். போலி அக்குபங்சரில் 44.2 சதவிகிதம். வழக்கமான வைத்தியத்தில் 27.4.

இந்த மூன்று எண்களையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால், இரண்டு கட்சிக்காரர்களும் தங்களுக்கு வேண்டிய இரண்டை மட்டும்தான் காட்டுவார்கள். அக்குபங்சர்காரர் 47-ஐயும் 27-ஐயும் காட்டி, ‘பார்த்தீர்களா, இங்கிலீஷ் வைத்தியத்தைவிட எவ்வளவு மேல்!’ என்பார். எதிர்க்கட்சி 47-ஐயும் 44-ஐயும் காட்டி, ‘பார்த்தீர்களா, எங்கே குத்தினாலும் ஒன்றுதான்!’ என்பார். வரவு மட்டும் எழுதி, செலவை மறைத்த கணக்கு மாதிரி. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஐந்தொகை சரியாக வரும். வலி குறைகிறது. ஆனால், எந்தப் புள்ளியில் குத்தினோம் என்பது பெரிதாகப் பொருட்டில்லை.

இது ஏதோ ஒரு ஆராய்ச்சியில் தப்பித் தவறி வந்த முடிவு இல்லை. 39 ஆராய்ச்சிகள், 20,827 நோயாளிகளின் விவரங்களை ஒன்றாகத் திரட்டி 2018-ல் ஓர் அலசல் வந்தது. ஊசியே போடாதவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. போலி ஊசியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இருக்கிறது, ஆனால் சின்னது. ஆக, உடம்பில் ‘சீ’ என்ற உயிராற்றல் ஓடும் பாதைகள், அவற்றின் மேல் நூற்றுக்கணக்கான புள்ளிகள் என்று வரைந்து மாட்டியிருக்கிற அந்தப் படம் இருக்கிறதே, அதற்குப் பெரிய வேலை ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

பிறகு எதுதான் வேலை செய்கிறது?

ஹார்வர்டில் டெட் கேப்சக் என்று ஒருவர். மக்காவ் போய் முறையாகச் சீன மருத்துவம் கற்றவர். அதைப் பற்றிப் புத்தகமும் எழுதியவர். அவர் இருந்த குழு 2008-ல் ஒரு சோதனையை வெளியிட்டது. எரிச்சல் குடல் நோய், அதாவது சாப்பிட்டால் வயிற்றைப் பிசைந்து ஓடவைக்கிற தொல்லை உள்ளவர்கள் 262 பேர். ஒருவருக்குக்கூட நிஜ அக்குபங்சர் கிடையாது. நாடகக் கத்தி மாதிரி, அழுத்தினால் பிடிக்குள்ளேயே போய்விடுகிற போலி ஊசி.

முதல் பிரிவுக்கு ஒன்றுமில்லை, வெறுமனே காத்திருப்புப் பட்டியல். மூன்று வாரத்தில் 28 சதவிகிதம் பேர் தேவலை என்றார்கள். இரண்டாம் பிரிவுக்குப் போலி ஊசி, பேச்சு வார்த்தை அதிகம் இல்லை. 44 சதவிகிதம். மூன்றாம் பிரிவுக்கு அதே போலி ஊசிதான். ஆனால், மருத்துவர் முதல் நாள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, நிதானமாக, அன்பாக, எல்லாவற்றையும் விசாரித்தார். 62 சதவிகிதம்!

44-க்கும் 62-க்கும் நடுவில் இருப்பது ஊசி அல்ல. காது.

இதைப் படித்தபோது எனக்குத் திருச்சியில் இருக்கும் என் அத்தையின் ஞாபகம் வந்தது.

அத்தைக்குப் பல வருடமாக மூட்டுவலி. கூடவே சர்க்கரை. யாரோ சொல்லி, ஒரு ஊசி வைத்தியரிடம் போனார். பத்துப் பன்னிரண்டு தடவை. மூட்டுவலி நிஜமாகவே குறைந்தது. வாசல்படி இறங்கவே சுவரைப் பிடித்தவர், கடைத்தெருவுக்கு நடந்து போக ஆரம்பித்தார். எங்களுக்கெல்லாம் சந்தோஷம். வைத்தியர் அடுத்த படிக்குப் போனார். நாடி பார்த்துவிட்டு, ‘உடம்பு தன்னைத்தானே சரி பண்ணிக்கும்மா, அந்த மாத்திரைதான் உங்களுக்கு விஷம்’ என்றார். மூட்டுவலியைக் குறைத்தவர் சொன்னால் சர்க்கரைக்கும் சரியாகத்தானே இருக்கும்? அத்தை மாத்திரையை நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. ஏழெட்டு மாதம் கழித்துக் காலில் ஒரு கொப்புளம். செருப்புக் கடி என்று விட்டுவிட்டார். கடைசியில் வலது காலில் இரண்டு விரல்களை எடுக்கவேண்டி வந்தது.

ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். ‘அந்த ஆள் மேல கோபமே வரலையா அத்தே?’ என்று கேட்டேன்.

‘எதுக்குடா கோபம்? ஒரு மணி நேரம் நான் பேசினதை ஒக்காந்து கேட்டார்டா அவர். உங்க மாமா போனதுலேர்ந்து எல்லாத்தையும் சொன்னேன். உங்க பெரிய டாக்டர் என் மூஞ்சியப் பார்த்தாரா? கம்ப்யூட்டரப் பார்த்தார், சீட்டை நீட்டினார். அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க.’

என்னத்தைச் சொல்ல? என்னிடம் பதில் இல்லை.

2017-ல் மருத்துவப் பத்திரிகை ஒன்றில், டாக்டர்கள் ஒரு நோயாளிக்குச் சராசரியாக எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள் என்று நாடு நாடாகக் கணக்கெடுத்துப் போட்டார்கள். ஸ்வீடனில் 22.5 நிமிடம். பங்களாதேஷில் 48 வினாடி. உலக மக்கள்தொகையில் பாதி வசிக்கிற 18 நாடுகளில் ஐந்து நிமிடமோ அதற்கும் குறைவோதான். அந்த இடைவெளியில்தான் ஊசி வைத்தியர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிறார். அவரைத் திட்டுவதற்கு முன்னால், அந்த நாற்காலி ஏன் காலியாக இருந்தது என்று நவீன மருத்துவமும் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

ஆனால் ஒன்று. காது கேட்டால் வலி குறையும். வயிற்றுப் பிசைவு குறையும். தூக்கம் வரும். காது கேட்டால் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிடாது. ரத்தக் குழாய் அடைப்பு கரையாது. கட்டி போகாது. வலி என்பது நாம் உணர்கிற விஷயம். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை நாம் உணராத விஷயம். அத்தைக்குக் கொப்புளம் வலிக்கவே இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். அதுதான் அந்த நோயின் சூழ்ச்சியே.

அப்படியானால் பழைய வைத்தியத்தில் உருப்படியாக ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அதை எப்படி எடுப்பது என்பதற்கும் சீனாவிலேயே உதாரணம் இருக்கிறது. ரெஸ்டன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அதே 1971, அதே பெய்ஜிங். இன்னொரு கட்டடத்தில் தூ யூயூ என்ற பெண் விஞ்ஞானி மலேரியாவுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார்.

1967 மே 23-ம் தேதி ஆரம்பித்ததால் அதற்கு ‘புராஜெக்ட் 523’ என்று பெயர். தூ யூயூவும் அவருடைய குழுவினரும் பழைய சுவடிகளிலும் குறிப்புகளிலுமிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துக் குறிப்புகளை அலசினார்கள். சிங்ஹாவ் என்ற செடி கொஞ்சம் நம்பிக்கை கொடுத்தது. ஆனால், ஒரு தடவை வேலை செய்யும், மறு தடவை கைவிடும். நான்காம் நூற்றாண்டில் கே ஹாங் எழுதிய அவசர சிகிச்சைக் குறிப்பைத் திரும்பப் படித்தார். அதில் செடியைக் காய்ச்சச் சொல்லவில்லை. தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. ஆஹா, சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது! குறைந்த வெப்பத்தில் ஆவியாகும் ஈதரை வைத்துச் சாறு எடுத்தார். அக்டோபரில் 191-ம் எண் மாதிரி, சோதனை எலிகளிடம் மலேரியாவை முழுக்க ஒழித்தது. 1972-ல் முதலில் தானே சாப்பிட்டுப் பார்த்தார். பிறகுதான் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். ஆர்டிமிசினின் என்று இன்று உலகம் முழுக்க மலேரியாவுக்குப் பயன்படுகிற மருந்து அது. 2015-ல் நோபல் பரிசு.

இரண்டாயிரத்துக்கும் மேல் குறிப்புகள். உலகை மாற்றியது ஒன்று. பாக்கியை ‘நம் முன்னோர் முட்டாள்களா?’ என்று கேட்டு அவர் காப்பாற்றவில்லை. சோதித்தார், தேறாததை ஒதுக்கினார். பாரம்பரியத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேறு கிடையாது.

சோதிக்காமல் விட்டால்? 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், இளைப்பதற்கென்று ஒரு கிளினிக்கில் சீன மூலிகை மாத்திரை கொடுத்தார்கள். ‘ஃபாங் ஜி’ என்று முடிகிற பெயரில் இரண்டு செடிகள் உண்டு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று கலந்துவிட்டது. வந்து சேர்ந்தது அரிஸ்டோலோகியா வகைச் செடி. நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பலருக்குப் பிற்பாடு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நம்மூர் ஆடுதீண்டாப்பாளைகூட அதே இனம்தான். ஆட்டுக்குத் தெரிந்திருக்கிறது. ‘இயற்கைதானே, பக்க விளைவே கிடையாது’ என்று யாராவது சொன்னால் ஆட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

அக்குபங்சருக்குப் போகலாமா, வேண்டாமா? என்னைக் கேட்டால், முதுகுவலி, மூட்டுவலி என்றால் தாராளமாகப் போங்கள். முதலில் டாக்டரிடம் காட்டி, வலிக்கு வேறு காரணம் இல்லை என்று தெரிந்துகொண்டு போங்கள். ஊசி புதுசா என்று கண்ணெதிரே உறையைப் பிரிக்கச் சொல்லிப் பாருங்கள். குத்தச் சொல்லிக் காசு கொடுங்கள், கேட்டதற்கும் சேர்த்துக் கொடுங்கள். தப்பில்லை. ஆனால், எந்த நிமிடம் அவர் உங்கள் சர்க்கரை மாத்திரையைப் பற்றியோ, பிரஷர் மாத்திரையைப் பற்றியோ வாயைத் திறக்கிறாரோ, அந்த நிமிடம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

ரெஸ்டனின் கட்டுரையைத் திரும்ப ஒருமுறை படித்தேன். முதல் தடவை ஊசிதான் கண்ணில் பட்டது. இரண்டாவது தடவை லி சாங்யுவான் பட்டார். தாய்மொழி பேசாத ஊரில், நடுராத்திரியில், வயிறு உப்பிப் படுத்திருக்கும் ஒரு வயசாளி. அவர் பக்கத்தில் 20 நிமிடம் ஒருவர் இருந்து, ஊசியைத் திருகி, சூடு காட்டி, கவனித்துக்கொண்டிருக்கிறார். வாயு எதனால் கலைந்தது என்று இனி யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால், அந்த 20 நிமிடத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

அத்தைக்கு இப்போது இன்சுலின். ஒருநாள்கூடத் தவறுவதில்லை. மூட்டு வலித்தால் ஊசிக்கும் போகிறார். வேறு ஒரு வைத்தியர், மாத்திரை பற்றிப் பேசாதவர். ஊரில் இருந்தால் நான்தான் கூட்டிப்போகிறேன். வழி முழுக்கப் பேசிக்கொண்டே வருவார். முன்பெல்லாம் ‘ம்’ கொட்டிக்கொண்டு செல்போனைப் பார்ப்பேன். இப்போது பார்ப்பதில்லை.